மயிலையின் கழுத்தில் குடிவந்த சுழி

டாக்டரம்மா நுகத்தடியின் அடிப்பக்கத்தில் ஊதா மருந்தைத் தடவிக்கொண்டிருந்தார்.

புண்ணுக்குப் போடுகிற மருந்து அது. கையில் பட்டால் மூன்று நாளைக்குப் போகாது. அதை மரத்தில் எதற்குத் தடவுகிறார் என்று எனக்குப் புரியவில்லை. திண்டிவனத்துக்கு மேற்கே இருந்த அந்தக் கால்நடை மருந்தக வாசலில் ஆடு, கோழி, கன்றுக்குட்டியோடு காத்திருந்தவர்களுக்கும் புரியவில்லை.

"மாட்டுக்கு ஒடம்பு சரியில்லன்னு இட்டுக்கினு வந்தா, இந்தம்மா கட்டைக்கு வைத்தியம் பண்ணுது" என்றார் ஆட்டுக்காரர் ஒருவர். எல்லோரும் சிரித்தார்கள். டாக்டரம்மாவும் சிரித்தார்.

எங்கள் வண்டி மாடு மயிலையின் கழுத்துப் புண்ணின் மேல் பஞ்சும் துணியும் வைத்து மூடிவிட்டு என்னைப் பார்த்தார்.

"அண்ணே, இப்ப ரெண்டு மாட்டையும் பூட்டுங்க. பாரம் வேணாம். வெறும் வண்டியா ஒரு சுத்து ஓட்டிட்டு வாங்க."

நான் தலையாட்டினேன். என் மனைவி தனம்தான் வாய் திறந்து, "எதுக்கும்மா?" என்று கேட்டாள்.

"நுகம் எங்க உட்காருதுன்னு மாடே சொல்லட்டும்."

ஒரு சுற்று ஓட்டிக்கொண்டு வந்து நுகத்தை இறக்கினேன். மயிலையின் கழுத்தில் ஊதா நிறத்தில் ஒரு பட்டை பதிந்திருந்தது. நடுவில் கருப்பாக, ஓரத்தில் வெளிறி. டாக்டரம்மா அதன் நான்கு எல்லையையும் விரலால் தொட்டுக் காட்டினார்.

"இது நுகத்தோட இடம். இதுக்குள்ள ஒரு தையல்கூட வரக் கூடாது. வந்தா மறுபடியும் பிளக்கும்."

புண் இருந்ததே அந்தப் பட்டையின் நட்டநடுவில்தான்.

மயிலையும் செவலையும்

ஆலை வாசலில் கரும்பு வண்டிகள் வரிசை கட்டி நிற்பதைச் சென்ற வாரம் எழுதியிருந்தேன். படித்த வளவனூர் வாசகர் ஒருவர், "வண்டியைப் பற்றி இவ்வளவு எழுதுகிறீர்கள், இழுத்த மாடுகளுக்குப் பெயர் இல்லையா?" என்று கேட்டிருக்கிறார். நியாயமான கேள்விதான்.

எங்களிடம் இருந்தவை இரண்டு. சாம்பல் நிறத்தது மயிலை. சிவந்தது செவலை. நிறத்தைத்தான் பெயராக வைத்துக் கூப்பிட்டோம். செவலைக்கு அவசரம். மயிலைக்கு நிதானம். மேட்டில் பாரம் ஏறும்போது செவலை நாலு தடவை திமிறும், மயிலை ஒரு தடவை அழுத்தும். வண்டி மயிலையின் அழுத்தலில்தான் ஏறும்.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். வெளியாள் முன்னால் எனக்குப் பேச்சு வராது. ஆலையில் எடை போடுகிறவர் ஊர் எது என்று கேட்டால்கூட வார்த்தை தொண்டையில் நிற்கும். எனக்கும் சேர்த்துத் தனம் பேசுவாள். அவள் வீட்டில் மெஷின் வைத்து ரவிக்கை தைப்பவள். ஊசி மாதிரியே பேச்சும்.

இரண்டு மாடுகளையும் அனந்தபுரம் சந்தையில் பிடித்துக் கொடுத்தவர் தனத்தின் அண்ணன் ஏழுமலை. மாட்டுத் தரகர். துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசுகிற ஆள்.

ஏழுமலை மச்சானின் விரல்

சந்தையில் நடக்கிற தில்லுமுல்லு கொஞ்சமல்ல. கிழட்டு மாட்டுக்குக் கொம்பைச் சீவி எண்ணெய் போட்டு இளசாக்குவார்கள். வெள்ளை விழுந்த முடிக்குச் சாயம் ஏற்றுவார்கள். தழும்பின் மேல் சாணியைக் காயவிட்டுக் கொண்டுவருவார்கள். எதுவும் மச்சானிடம் நடக்காது. கண்ணை மூடிக்கொண்டு மாட்டின் மேல் விரலை ஓட்டினால் போதும். "இங்க ஒரு சூடு, இங்க ஒரு கொம்புக் குத்து, இங்க கயிறு அறுத்தது" என்று மாட்டின் கதையைச் சொல்லிவிடுவார்.

சுழி பார்ப்பதிலும் அப்படித்தான். மாட்டின் மேல் முடி சுழன்று நிற்கிற இடத்தைச் சுழி என்போம். அது எந்த இடத்தில் இருக்கிறது என்பதை வைத்து நல்லது, கெட்டது. கெட்ட சுழி மாடு வயலில் கால் வைத்தால் விதைப்பு விளங்காது என்று எங்கள் பக்கத்தில் இன்றைக்கும் சொல்கிறவர்கள் உண்டு. பல்லும் நடையும் எல்லாம் சரியாக இருந்தும் சுழி சரியில்லை என்று சந்தையிலிருந்து திரும்பிப் போகும் மாடுகளைப் பார்த்திருக்கிறேன்.

மயிலைக்குக் கழுத்தின் வலப்பக்கத்தில், கைக்கு அடக்கமாக ஒரு சுழி. மச்சான் அதைப் பார்த்துத்தான் வாங்கினார். அந்தச் சுழிக்கு அவர் ஒரு பெயர் சொன்னார். ஊருக்கு ஊர் பெயர் மாறும் என்பதால் இங்கே எழுதவில்லை. "பூட்டுன நொகத்த எறக்காத சுழி மாப்ள இது" என்றார். அதாவது வேலை குறையாது என்று பொருள்.

பாதி மாடு

வேலை குறையவில்லை. அதுதான் புண்ணானது.

முதலில் நுகம் உட்காருகிற இடத்தில் தோல் தடித்தது. பிறகு கொட்டாங்குச்சியைக் கவிழ்த்த மாதிரி ஒரு கட்டி. அடுத்த பருவத்தில் அது வெடித்தது. வேப்பெண்ணெய் போட்டோம். மஞ்சள் வைத்தோம். ஒரு பெரியவர் வந்து இடப்பக்கக் கழுத்தில் கம்பியைக் காய்ச்சி மூன்று இழுப்பு இழுத்தார். வெயில் காலத்தில் ஆறும். கரும்பு வெட்டு தொடங்கியதும் மறுபடி வாய் திறக்கும்.

முந்தின வருடம் ஒருவர் கட்டியை வெட்டி எடுத்து, இரண்டு பக்கத் தோலையும் இழுத்து நேராகத் தைத்துவிட்டார். அழகாக ஆறியது. முதல் பாரத்திலேயே தையல் போட்ட கோடு நெடுகப் பிளந்தது. மயிலை அன்று மேட்டில் அழுத்தவில்லை. நின்று என்னைத் திரும்பிப் பார்த்தது.

மச்சான் வந்து பார்த்தார்.

"மாப்ள, கால்ல புண்ணுன்னா கட்டு போட்டு வெச்சிக்கலாம். நொகம் உக்கார்ற எடத்துல புண்ணுன்னா அது பாதி மாடு. அடுத்த சந்தைக்கு லாரி வரும். ஏத்தி வுட்டுட்டு வேற சோடி பாத்துக்கலாம்."

லாரி என்றால் அடிமாட்டு லாரி. தனம் மெஷினை நிறுத்தினாள்.

"புதுசா ஒரு டாக்டரம்மா வந்துகீறாங்களாம். அவங்க கையால ஒரு தபா பாத்துட்டு வர்றோம். அப்பால லாரிக்காரன் வரட்டும்."

"டாக்டரு இன்னா, புதுக் கழுத்தா வெச்சி தருவாங்க?" என்றார் மச்சான்.

துணி வெட்டிப் பார்த்தது

அப்படிப் போனபோதுதான் அந்த ஊதா மருந்து. பிறகு டாக்டரம்மா செய்ததை இன்று நினைத்தாலும் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது.

மயிலையின் கழுத்து முழுவதும் தோலைக் கிள்ளிக் கிள்ளித் தூக்கிப் பார்த்தார். எங்கே இழுத்தால் வருகிறது, எங்கே வரவில்லை என்று. இடப்பக்கம் வந்ததும் முகம் மாறியது.

"சூடு போட்டீங்களா? இந்தத் தோல் எலும்போட ஒட்டின மாதிரி இருக்கு. இது நகராது."

வலப்பக்கம் தோல் தளர்வாக இருந்தது. கீழே, தொங்குகிற அலைதாடிப் பக்கம் இன்னும் தளர்வு. தனத்திடம் கிழிந்த வேட்டித் துணி ஒரு துண்டு வாங்கினார். புண்ணின் மேல் வைத்து அளவு பார்த்து, நாக்கு மாதிரி ஒரு வடிவம் வெட்டினார். அதன் அடியை வலக் கழுத்தில் விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, நுனியை மட்டும் மேலே திருப்பினார். துணி போய்ப் புண்ணின் மேல் கச்சிதமாகப் படுத்தது.

"கட்டியை எடுத்த பிறகு, இந்தத் துணி மாதிரியே பக்கத்துத் தோலைக் கிளப்பி மேலே திருப்பி வைக்கணும். அடிப்பக்கம் அறுக்க மாட்டேன். அது வழியாத்தான் ரத்தம் வரும். நுகம் உட்கார்ற இடத்துல முழுத்தோல் இருக்கும். தையல் எல்லாம் ஓரத்துல ஒதுங்கிடும். தோல் எடுத்த இடத்தை, கீழ இருக்கிற தளர்ந்த தோலை இழுத்து மூடிடலாம்."

தனம் துணியை உற்றுப் பார்த்தாள். "அரை விரக்கட சேத்து வெட்டிக்கோங்கம்மா. வெட்டுனா சுருங்கும்."

"துணியே சுருங்கும்போது தோல் சுருங்காதா? சேர்த்துத்தான் வெட்டியிருக்கேன், பாருங்க" என்று துணியின் ஓரத்தைக் காட்டினார். தனத்துக்கு அப்போதே அவரைப் பிடித்துவிட்டது.

அதன் பிறகு டாக்டரம்மா கேட்ட கேள்வியைத்தான் நான் மறக்கவில்லை. துணிக்கு அடியில் இருந்த சுழியில் விரலை வைத்தார்.

"இந்தச் சுழியும் தோலோட மேலே போயிடும். கழுத்து உச்சியில நிக்கும். இதுக்கு உங்க ஊர்ல ஏதாவது சொல்வாங்கல்ல?"

படித்தவர், இதையெல்லாம் மூடநம்பிக்கை என்று தள்ளிவிட்டுக் கத்தியை எடுத்திருக்கலாம். எடுக்கவில்லை. எங்களைக் கேட்டுவிட்டுக் காத்திருந்தார்.

"வேற பக்கத்துல எடுக்க முடியாதாம்மா?" என்றாள் தனம்.

"இடப்பக்கம் சூடு பட்டது. இங்க மட்டும்தான் தோல் இருக்கு."

தனம் தரகர் வீட்டில் பிறந்தவள். நுகத்துக்கு அடியில் சுழி வந்தால் ஊர் என்ன சொல்லும் என்பது அவளுக்குத் தெரியும். என்னைப் பார்த்தாள். நான் மயிலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"சுழி எங்க இருந்தா இன்னாம்மா. மொதல்ல மாடு இருக்கட்டும். நீங்க பண்ணுங்க" என்றாள்.

தையல்

மறுநாள் வெறும் வயிற்றோடு மயிலையைக் கொண்டுபோனோம். மயக்க ஊசி போட்டு, வைக்கோல் மெத்தையில் கயிறு கட்டிச் சாய்த்தோம். மரத்துப்போகிற ஊசியைக் கழுத்தைச் சுற்றிலும் போட்டார். தலைமாட்டில் நான் உட்கார்ந்து கொம்பைப் பிடித்துக்கொண்டேன். அதனால் எல்லாம் என் கண்ணுக்கு ஒரு முழ தூரத்தில் நடந்தது.

கட்டி உள்ளே தேங்காய்ப் பருப்பு மாதிரி வெளுத்துக் கெட்டியாக இருந்தது. எடுத்த பிறகு உள்ளங்கை அளவு குழி. அவ்வளவு பெரிய குழியை அந்தத் தோல் மூடுமா என்று எனக்குச் சந்தேகம். அவர் துணியை மறுபடி வைத்துப் பார்த்தார். பிறகுதான் வெட்டினார். தோலை அடியிலிருந்து கிளப்பும்போது கத்தியைவிட விரலையே அதிகம் பயன்படுத்தினார். பலாச்சுளையைப் பிரிக்கிற பக்குவம். கிளப்பிய தோலை இடுக்கியால் பிடிக்காமல் ஓரத்தை நூலால் கட்டித் தூக்கினார். "நசுக்கினா செத்துடும்" என்றார்.

முதலில் உள்ளே தைத்தார். தோலுக்கு அடியில், வெளியே தெரியாத தையல். இழுப்பு முழுவதையும் அந்தத் தையல் வாங்கிக்கொண்டது. மேலே வந்தபோது இரண்டு ஓரமும் தாமாகவே பக்கத்தில் பக்கத்தில் படுத்திருந்தன.

"மேல் தையலுக்கு இழுக்கிற வேலை கொடுக்கக் கூடாது. தொட்டுக்கிட்டு இருந்தா போதும்" என்றார் யாரிடமும் என்றில்லாமல்.

மேலே ஒவ்வொரு முடிச்சும் தனித்தனி. ஒன்று போட்டு வெட்டி, அடுத்தது போட்டு வெட்டி. தனம் பொறுக்காமல், "ஒரே ஓட்டமா ஓட்டுனா ஜல்தி முடிஞ்சிடுமேம்மா" என்றாள்.

"ஒரே நூலா இருந்தா, ஓர் இடத்துல அறுந்தா மொத்தமும் போச்சு. தனித்தனியா இருந்தா போறது ஒண்ணு மட்டும் போகும்."

முடிச்சு எல்லாவற்றையும் ஒரே பக்கமாக, நுகத்துக்கு வெளிப்பக்கமாகத் தள்ளிவிட்டார். உள்ளே நீர் கட்டாமல் வடிவதற்கு, கையுறையின் ரப்பரிலிருந்து ஒரு கீற்று வெட்டிக் கீழ் ஓரத்தில் செருகினார். நிமிர்ந்தபோது அவரால் முதுகை நேராக்க முடியவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று சிரித்தார்.

கழுத்து உச்சியில், ஊதாப் பட்டை இருந்த இடத்தில் மயிலையின் முழுத்தோல். அதன் நடுவில் சுழி.

காக்கையும் வலையும்

வீட்டில் எங்களுக்குப் பெரிய பேஜாரு காக்கைகள்தான். மாட்டின் புண்ணைக் கண்டால் விடாது. மரக்காணம் பக்கத்திலிருந்து கருவாடு கொண்டுவருகிற அம்மாவிடம் தனம் சொல்லி, கிழிந்த மீன்வலை ஒன்றை வாங்கிக் கொட்டகையைச் சுற்றிக் கட்டினாள். மயிலை கழுத்தைக் கம்பத்தில் தேய்க்காதபடி, இரண்டு பக்கமும் கயிறு கொடுத்துக் கட்டினோம். கேப்பைக் கூழும், மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் வேர்க்கடலையின் கொடியும் அதன் வாய்க்கே போயின. வலைக்குள் நின்றுகொண்டு அது எங்களைப் பார்க்கும் பார்வையில் சினிமா கொட்டகையில் இடம் பிடித்த ஆளின் திமிர் இருக்கும்.

டாக்டரம்மா மொபட்டில் வருவார். கட்டைப் பிரித்ததும் மருந்தைத் தேடமாட்டார். திருப்பிவைத்த தோலின் மேல் புறங்கையை வைப்பார், பிறகு பக்கத்துத் தோலின் மேல் வைப்பார். சூடு சமமாக இருக்கிறதா என்று. ஒரு நாள் நுனி கொஞ்சம் சில்லென்று இருப்பதாகச் சொன்னார். ஊசி முனையால் ஒரு குத்து. துளி ரத்தம் சிவப்பாக வந்தது. அதைப் பார்த்து அவர் விட்ட மூச்சைக் கொட்டகை வாசலில் நின்ற என்னால் கேட்க முடிந்தது.

தோல் உயிரோடு நின்றது. தையல் பிரித்தார். "இந்தப் பருவம் முழுக்க நுகத்தைக் காட்டவே காட்டாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். கொஞ்ச காலத்தில் அவருக்குக் கண்டாச்சிபுரம் பக்கம் மாற்றலாகிவிட்டது.

மச்சான் வந்தார்

முடி வளர்ந்தது. வளர வளரத்தான் வினை தெரிந்தது. தையல் மறைந்துவிட்டது. சுழி மட்டும் கழுத்து உச்சியில் பளிச்சென்று நின்றது.

பார்த்தவர்கள் யாரும் அது வைத்த தோல் என்று நம்பவில்லை. "தோலக் கழட்டி மாட்னாங்களாம், சட்ட பித்தான் மாதிரி" என்று கேலி செய்தார்கள். நுகத்தை மறிக்கிற சுழி என்று சொல்லி, வண்டிக்குக் கூப்பிட்ட இரண்டு பேர் வேண்டாம் என்றார்கள். மூன்றாவது ஆள் தன் வயல் வரப்பைக்கூட மிதிக்கவிடவில்லை. புண் ஆறியும் மயிலை பாதி மாடாகவே நின்றது. மச்சான் வாயால் ஒரு வார்த்தை வந்தால்தான் ஊர் கேட்கும். அவரோ, மாட்டை லாரிக்கு அனுப்பாத கோபத்தில் வரவேயில்லை.

அடுத்த கரும்பு வெட்டு தொடங்குகிற நேரத்தில் ஒரு நாள் வந்தார். லாரிக்காரரிடம் பேசிவிட்டேன் என்று சொல்லத்தான் வந்தார்.

"சுழிய தூக்கி நொகத்துக்கு அடியில வெச்சிகினு வந்துகிறீங்களே, கொஞ்சமாச்சும் புத்தி கீதா? எவன் வயலுக்குள்ள வுடுவான்?"

"மொதல்ல தொட்டுப் பாருண்ணா. அப்பால கத்து" என்றாள் தனம்.

மச்சான் பழக்கத்தில் தோள் துண்டை எடுத்துக் கைமேல் போட்டுக்கொண்டார். கண்ணை மூடினார். காதுக்கடியிலிருந்து விரலை ஓட்டிக்கொண்டு வந்தார். இடப்பக்கம், "சூடு, மூணு" என்றார். உச்சிக்கு வந்தார். போனார். திரும்ப வந்தார். துண்டைக் கீழே போட்டுவிட்டு இரண்டு கையாலும் தடவினார். முகத்தில் வியர்வை.

கண்ணைத் திறந்து தங்கையைப் பார்த்தார்.

"தனம், உண்மையச் சொல்லு. வேற மாட்ட மாத்திட்டீங்களா?"

தனம் சிரித்த சிரிப்பில் செவலை மிரண்டு நகர்ந்தது. மச்சான் மயிலையின் வாயைத் திறந்து பல்லைப் பார்த்தார். குளம்பைப் பார்த்தார். மறுபடி சூட்டுத் தழும்பைத் தொட்டார். அதே மாடுதான்.

"எத்தினியோ பேரு ஏமாத்த வந்தானுங்க. ஒருத்தன் வேல என் வெரலுக்குத் தப்புனதில்ல" என்று முணுமுணுத்தார். "எங்க தச்சாங்கன்னே தெரியலியே மாப்ள."

வெகுநேரம் மயிலைக்கு எதிரில் குந்தியிருந்தார். ஊர்க்காரர்கள் ஐந்தாறு பேர் கூடிவிட்டார்கள். எழுந்து எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்.

"பொறக்கும்போது எங்க இருந்துச்சோ அதான் சுழிக்கு எடம். இது வலப்பக்கத்துல நான் பாத்து வாங்குன சுழி. குடி மாறி வந்துகீது, அவ்வளோதான். குடி மாறுனா ஜாதகம் மாறுமா? பழைய பலன்தான். எவனுக்காச்சும் சந்தேகம் இருந்தா என்கிட்ட வரட்டும்."

வரப்பை மிதிக்கவிடாதவரே மறுவாரம் வண்டிக்குச் சொல்லி அனுப்பினார். முதல் பாரத்துக்கு மச்சானே நுகத்தைத் தூக்கி வைத்தார். மேட்டில் செவலை நாலு தடவை திமிறியது. மயிலை ஒரு தடவை அழுத்தியது.

கண்டாச்சிபுரத்தில்

அந்தப் பருவம் முடிந்ததும் தனம் பிடிவாதமாக வண்டியைப் பூட்டச் சொன்னாள். கண்டாச்சிபுரம் பக்கம் போய் டாக்டரம்மாவைத் தேடிப் பிடித்தோம். ஒரு ஆட்டுக்கு ஏதோ செய்துகொண்டிருந்தவர், கையுறையோடு ஓடிவந்தார்.

தனம் சுழிக் கதை முழுவதையும் மச்சான் குரலிலேயே சொன்னாள். டாக்டரம்மா சிரித்தார். ஆனால் காதுதான் அங்கே இருந்தது. கையுறையைக் கழற்றிவிட்டு மயிலையின் கழுத்தில் கையை வைத்தார். நேராக ஓர் இடத்துக்குப் போய் முடியை விலக்கினார். எள் அளவுக்கு ஒரு புள்ளி, முடி முளைக்காமல் இருந்தது. அத்தனை மாதம் தினமும் தடவிய எனக்கு அது தெரிந்ததில்லை.

"இந்த ஒரு முடிச்சை இறுக்கிட்டேன்" என்றார்.

"எள்ளு மாதிரி கீது. அதப் போயி சொல்லிக்கினு" என்றாள் தனம்.

"எள்ளு அளவுன்னாலும் தோலுக்கு அது இறுக்கம்தானே."

அவர் முகம் வாடியது எனக்குத் தாங்கவில்லை. அவரிடம் அதுவரை ஒரு வார்த்தை நான் பேசியதில்லை.

"அதுக்கு வலிக்கல டாக்டரு" என்றேன்.

இரண்டு பேரும், ஆட்டுக்காரரும் சேர்த்தால் மூன்று பேரும், என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"எப்படிச் சொல்றீங்க அண்ணே?"

"மேட்டுல பாரம் ஏறும்போது தலைய ஒதறல. காது மடக்கல. கண்ணு தெளிவா கீது."

எனக்கு மூச்சு வாங்கியது. டாக்டரம்மா மயிலையின் கண்ணைப் பார்த்தார்.

"பூட்டுங்க. நடக்கிறதைப் பார்க்கணும்."

பூட்டினேன். வண்டி நகர்ந்தது. பின்னால் ஆட்டுக்காரர், "டாக்டரம்மா, என் ஆடு!" என்று கத்திக்கொண்டிருந்தார். அவர் திரும்பவில்லை. மயிலையின் கழுத்தை மட்டும் பார்த்துக்கொண்டு, தெருமுனை வரைக்கும் நுகத்துக்குப் பக்கத்திலேயே நடந்து வந்தார்.